கிரீன் டீ மாத்திரை போட்டுட்டு நடந்தா கொழுப்பு கூடக் கரையுமா?

மாசிவீதி கணக்கன் · செவ்வாய், இரவு 10.40

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் எழுதுறேன். வயசு 41, உயரம் 168, எடை 92. தெற்கு மாசி வீதியில ஒரு ஜவுளிக்கடையில கல்லாவுல உட்கார்ற வேலை. காலைல பத்து மணிக்கு உட்கார்ந்தா ராத்திரி ஒன்பதரைக்குத்தான் எந்திரிக்கிறது. தீபாவளி சமயம்னா கேக்கவே வேணாம்.

மூணு மாசமா விடியக்காலைல வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி முக்கா மணி நேரம் நடக்கிறேன். வாரத்துல ரெண்டு நாள் ஜிம்மு. 94ல இருந்து 92க்கு வந்திருக்கேன். அம்புட்டுத்தான்.

போன வாரம் ஜிம் மாஸ்டர் ஒரு டப்பாவைக் கையில குடுத்தாரு. "அண்ணே, நீங்க உழைக்கிறீங்க, ஆனா கொழுப்பு எரிய மாட்டேங்குது. இது கிரீன் டீ சாறு. வெறும் வயித்துல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. போட்டுட்டு நடந்தீங்கன்னா நேரா தொப்பையில இருந்து எடுக்கும்"னாரு. 60 மாத்திரை 1,850 ரூபா. அரைவாசி குடுத்துட்டு மீதியைச் சம்பளத்துக்கப்புறம் தர்றேன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். இன்னும் சீல் பிரிக்கல. "பிரிக்காம திருப்பிக் குடுத்தா எடுத்துக்கிருவாங்க, பிரிச்சுட்டு முழிக்காதீங்க"ங்கிறா வீட்டுக்காரி.

நெட்டுல தேடுனா ஒருத்தன் 17 சதவீதம் கூட எரியும்ங்கிறான், இன்னொருத்தன் ஈரல் போயிரும்ங்கிறான். எனக்கு பிரஷர் மாத்திரை வேற ஓடுது. சாப்பிட்டுப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பு.

ஜிகர்தண்டா ரசிகன் · செவ்வாய், இரவு 10.52

1,850 ரூபாய்க்கு எத்தனை ஜிகர்தண்டா வரும்னு கணக்குப் போட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பைபாஸ் பயில்வான் · செவ்வாய், இரவு 11.15

ப்ரோ, நான் சாப்பிட்டிருக்கேன். மூணு மாசத்துல 6 கிலோ. யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. போட்டு அரை மணி நேரத்துல உடம்பு சூடாகி வேர்வை கொட்டும் பாருங்க, அதுதான் கொழுப்பு உருகுறது. நான் அப்ப ராத்திரி பரோட்டாவையும் விட்டிருந்தேன், காலைல ஓட்டமும் ஓடுனேன். ஆனா மாத்திரை இல்லாம அந்த ரிசல்ட் வந்திருக்காது.

ஒத்தக்கடை ஓட்டக்காரன் · புதன், காலை 5.05

பயில்வான் தம்பி, ராத்திரி எத்தனை பரோட்டா சாப்பிட்டுட்டு இருந்தீங்க?

பைபாஸ் பயில்வான் · புதன், காலை 7.30

நாலு. சால்னா, ஒரு ஆம்லெட். ஏண்ணே?

ஒத்தக்கடை ஓட்டக்காரன் · புதன், காலை 7.34

சும்மாதான் கேட்டேன்.

உடலியல் வாத்தி · புதன், காலை 8.20

அந்த 17 சதவீதம் எங்க இருந்து வந்ததுன்னு சொல்றேன். 2008ல இங்கிலாந்து பர்மிங்காம்ல செஞ்ச ஆராய்ச்சி. ஆரோக்கியமான 12 ஆம்பளைங்க, அரை மணி நேரம் மிதமான வேகத்துல சைக்கிள் மிதிச்சாங்க. முந்தின 24 மணி நேரத்துல ஒரு தடவை கிரீன் டீ சாறு, இன்னொரு தடவை வெத்து மாத்திரை. சாறு எடுத்த அன்னைக்குக் கொழுப்பு எரிஞ்ச வேகம் 17 சதவீதம் கூட. பொய்யில்லை.

ஆனா சதவீதத்தைக் கிராமா மாத்திப் பாருங்க. நிமிஷத்துக்கு 0.35 கிராம் எரிஞ்சது 0.41 கிராம் ஆச்சு. வித்தியாசம் 0.06. அரை மணி நேரத்துக்கு 1.8 கிராம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராம் இருக்கும். தோசைக்கல்லுல அம்மா ஒரு சொட்டு கூட விட்டாங்கன்னா முடிஞ்சது கதை. அதுல கலந்துக்கிட்டவங்க குண்டானவங்களும் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கணக்கருக்கு அவர் தொழில்லயே சொல்றேன். கடையில ரெண்டு இடத்துல காசு இருக்கும்: முன்னாடி கல்லாப்பெட்டி, உள்ரூம்ல பீரோ. சாப்பிட்ட சோறு, இட்லி, சீனியெல்லாம் தசையிலயும் ஈரல்லயும் கிளைகோஜனாக் கிடக்குது பாருங்க, அது கல்லா. தொப்பை, பீரோ. நடக்கும்போது ரெண்டுல இருந்தும் கை நீளும். நிதானமா நடந்தா பீரோ பங்கு கூட, மூச்சிரைக்க ஓடினா கல்லா பங்கு கூட. ஆராய்ச்சியில மூக்கு வாயை மூடுற மாதிரி குழாய் மாட்டி, இழுக்கிற ஆக்சிஜன், விடுற கரியமில வாயு ரெண்டையும் அளந்து இந்தப் பங்கைத்தான் கண்டுபிடிக்கிறாங்க. விகிதம் 1கிட்ட இருந்தா மாவுச்சத்து எரியுது, 0.7கிட்ட இருந்தா கொழுப்பு.

மாத்திரை போட்டா காலைல ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் பீரோவுல இருந்து ஒரு பத்து ரூபா கூட எடுக்கிறீங்க. செலவு அதே செலவுதான், அப்ப கல்லாவுல பத்து ரூபா மிச்சமாகும். மத்தியானம் சாப்பாட்டு வரவு வந்ததும் கல்லா சீக்கிரம் நிறைஞ்சுரும், மிச்சம் மறுபடி பீரோவுக்குப் போயிரும். ராத்திரி கடையை அடைச்சுக் கணக்கு முடிக்கையில பீரோ கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு தீர்மானிக்கிறது மொத்த வரவும் மொத்த செலவும். அரை மணி நேரத்துக்கு எந்தப் பெட்டியத் தொறந்தீங்கங்கிறது இல்லை.

பயில்வானுக்கு: வேர்வை தண்ணிப்பா. மதுரைல சித்திரை மாசம் சும்மா உட்கார்ந்தாலே கொட்டும்.

மாசிவீதி கணக்கன் · புதன், மதியம் 2.10

ஐயா, இப்பத்தான் புரியுது. கடையில உட்கார்ந்து வாசிச்சேன், நிஜமாவே கல்லாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கிட்டேன்.

ஒரு சந்தேகம். பங்கு மாறுது, மொத்தச் செலவு மாறலைங்கிறீங்க. ஜிம் மாஸ்டர் "மெட்டபாலிசமே ஏறும், சும்மா இருக்கும்போதும் எரியும்"னாரே?

உடலியல் வாத்தி · புதன், மாலை 6.45

நல்ல கேள்வி. அதுக்கும் ஒரு ஆதாரம் இருக்கு, 1999ல ஜெனீவாவுல செஞ்சது. 10 ஆம்பளைங்களை ஒரு அறையில அடைச்சு 24 மணி நேரம் அளந்தாங்க. ஒரு நாளைக்கு 270 மி.கி. இஜிசிஜி, 150 மி.கி. காஃபின். கிரீன் டீயில கேட்டகின்னு ஒரு வகைப் பொருள் இருக்கு, அதுல முக்கியமானது இந்த இஜிசிஜி. அன்னைய மொத்தச் செலவு 4 சதவீதம் ஏறுச்சு. அதே அளவு காஃபினை மட்டும் குடுத்தப்ப ஏறல. அதனாலதான் இந்த வியாபாரமே சூடு பிடிச்சது.

காரணம்னு சொல்றது இது: உடம்பு சுறுசுறுப்பாகணும்னா நோர்அட்ரினலின் சுரக்கும். வேலை முடிஞ்சதும் அதை உடைச்சுப் போட ஒரு நொதி இருக்கு. கேட்டகின் அந்த நொதியைக் கொஞ்சம் அமுக்குது, அதனால நோர்அட்ரினலின் கூட நேரம் நிக்குது. காஃபின் இன்னொரு பக்கத்துல இருந்து தள்ளி விடுது.

4 சதவீதம்னா எவ்வளவு? சுமார் 78 கலோரி. ஒரு இட்லி. ஒரு கிலோ உடல் கொழுப்புல ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கு. அந்த 4 சதவீதம் தினமும் குறையாமக் கிடைச்சு, நீங்க வழக்கத்தைவிட ஒரு வாய் சோறும் அதிகமாச் சாப்பிடாம இருந்தாலும் ஒரு கிலோவுக்கு நூறு நாள் ஆகும். மாத்திரைச் செலவை நீங்களே போட்டுக்கங்க.

மாசிவீதி கணக்கன் · புதன், இரவு 10.05

போட்டேன். நாளைக்கு நாலு மாத்திரைன்னா டப்பா 15 நாள். நூறு நாளைக்கு ஏழு டப்பா. 12,950 ரூபா. கிலோ கறியே இம்புட்டு விலை விக்கல.

காளவாசல் பார்மசி அக்கா · புதன், இரவு 10.31

தம்பி, காசை விடுங்க. டப்பாவுல பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு அப்படியே போடுங்க. ஒரு மாத்திரையில சாறு எத்தனை மி.கி., அதுல இஜிசிஜி எத்தனை, காஃபின் எத்தனை. வேற என்னென்ன சேர்த்திருக்குன்னும் பாருங்க.

மாசிவீதி கணக்கன் · புதன், இரவு 10.48

எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு, பையன் வாசிச்சுச் சொன்னான். ஒரு மாத்திரையில கிரீன் டீ சாறு 500 மி.கி. அதுல இஜிசிஜி 50 சதவீதம். காஃபின் எவ்வளவுன்னு போடல. கீழ 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு இருக்கு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கு.

காளவாசல் பார்மசி அக்கா · புதன், இரவு 11.20

நினைச்சேன். நாலு மாத்திரை போட்டா 2,000 மி.கி. சாறு, அதுல இஜிசிஜி மட்டும் 1,000 மி.கி.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல இதைப் பத்தித் தனியா அறிக்கை குடுத்துச்சு. மாத்திரையா நாளைக்கு 800 மி.கி. இஜிசிஜி, அதுக்கு மேல போனா ரத்தத்துல ஈரல் நொதி ஏறுறதுக்கு, அதாவது ஈரல் அடிபடுறதுக்கு அறிகுறி இருக்குன்னு. 2022ல சட்டமே போட்டாங்க: ஒரு நாள் அளவு 800 மி.கி.க்குக் கீழதான் இருக்கணும், வெறும் வயித்துல சாப்பிடக்கூடாதுன்னு டப்பாவுல எழுதணும். உங்க மாஸ்டர் சொன்னது அப்படியே தலைகீழ். வெறும் வயித்துல போட்டா இது ரத்தத்துல நிறைய ஏறும், அதுதான் சிக்கல்.

நாள் முழுக்கக் கோப்பையில குடிக்கிறவங்களுக்கு 90ல இருந்து 300 மி.கி. வரைக்கும்தான் உள்ள போகுது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. அதனால கிரீன் டீ குடிக்கிறவங்க யாரும் பயப்பட வேணாம். இலை வேற, சுண்டக் காய்ச்சின சாறு வேற.

14 இலக்க நம்பர் இருந்தா உணவுப் பொருளா விக்கிறதுக்கு உரிமம் இருக்குன்னு அர்த்தம். எடை குறையும்னு யாரும் சோதிச்சு முத்திரை குத்தினதா அர்த்தம் இல்லை. கடைக்கு வர்றவங்க தினமும் இதைக் குழப்பிக்கிறாங்க.

உங்க பிரஷர் மாத்திரை பேரை இங்க போட வேணாம். நடோலால்னு ஒண்ணு இருக்கு, கிரீன் டீயோட சேர்ந்தா ரத்தத்துல அதோட அளவு பாதிக்கு மேல இறங்கிருது. நம்ம பக்கம் அதிகம் எழுதுறதில்லை, இருந்தாலும் டாக்டர்கிட்ட டப்பாவைக் காட்டாம ஒண்ணும் போடாதீங்க. காஃபினும் பிரஷரைத் தூக்கும்.

வில்லாபுரம் வள்ளி · வியாழன், காலை 9.12

நான் பொதுவா சமையல் பகுதியிலதான் எழுதுவேன். இதைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியல.

எங்க அத்தாச்சிக்கு 38 வயசு. கல்யாண வீட்டுக்கு முன்னாடி இளைக்கணும்னு யாரோ குடுத்த கிரீன் டீ மாத்திரையை ரெண்டு மாசம் விடாமப் போட்டாக. சோத்தையும் பாதியாக் குறைச்சுட்டாக, காலைல மாத்திரை, பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடுறதில்லை. முதல்ல ஒரே அசதி. அப்புறம் வாந்தி வர்ற மாதிரி, எண்ணெய் வாடையே ஆகாது. விரதம் இருக்கதால வர்ற சடவுன்னு நினைச்சோம். ஒண்ணுக்கு மஞ்சளா, டீ டிக்காஷன் மாதிரி போகவும்தான் அப்பத்தா கண்ணை விலக்கிப் பார்த்துட்டு "மஞ்சக்காமாலைடி"ன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாக. பத்து நாள் அதுல போச்சு, மாத்திரையும் கூடவே போச்சு! அது மூலிகைதானே, ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சுட்டாக.

ரத்தம் எடுத்துப் பார்த்தா எஸ்ஜிபிடிங்கிற ஈரல் நொதி 600க்கு மேல, எக்கச்சக்கம். டாக்டர் ஒவ்வொண்ணா ஹெபடைடிஸ் டெஸ்ட்டெல்லாம் எடுத்து எதுவும் இல்லைன்னதும், "வேற என்ன சாப்பிடுறீங்க"ன்னு மூணாவது தடவை கேட்டப்பத்தான் மாத்திரை வெளிய வந்துச்சு. நிறுத்தி ரெண்டு மாசத்துல சரியாயிருச்சு. கல்யாணத்துக்கு அத்தாச்சி வரல.

மூலிகைன்னு டாக்டர்கிட்ட சொல்லாம விட்டதுதான் எங்க தப்பு.

பைபாஸ் பயில்வான் · வியாழன், காலை 11.40

அக்கா, கேக்கக் கஷ்டமா இருக்கு. ஆனா லட்சக்கணக்கான பேரு சாப்பிடுறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலையே. ஒருத்தருக்கு ஆச்சுன்னு மொத்தத்தையும் விஷம்ங்கிறது சரியா?

காளவாசல் பார்மசி அக்கா · வியாழன், மதியம் 1.25

விஷம்னு யாரும் சொல்லலப்பா. பெரும்பாலான பேருக்கு ஒண்ணும் ஆகாது, அது நிஜம். அமெரிக்காவுல மினசோட்டாவுல மாதவிடாய் நின்ன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒரு வருஷம் நாளைக்கு 843 மி.கி. இஜிசிஜி குடுத்துப் பார்த்தாங்க, மார்பகப் புற்றுநோய் சம்பந்தமா. சாறு சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு ஆறு ஏழு பேருக்கு ஈரல் நொதி ஏறுச்சு, வெத்து மாத்திரைக்காரங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. நிறுத்தினதும் இறங்கிருச்சு. சிலருக்குப் பிறவியிலயே ஒரு மரபணு வகை இருந்தா ஆபத்து கூடன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. உங்களுக்கு இருக்கா எனக்கு இருக்கான்னு முகத்தைப் பார்த்து சொல்ல முடியாதே.

2003லயே பிரான்சுலயும் ஸ்பெயின்லயும் எடைக்குன்னு வித்த ஒரு கிரீன் டீ சாறு மாத்திரையைச் சந்தையில இருந்து எடுத்தாங்க, இதே ஈரல் காரணத்துக்கு. ஒரு இட்லி லாபத்துக்கு இந்தச் சீட்டு குலுக்கல் தேவையான்னுதான் கேக்கிறேன்.

ஒத்தக்கடை ஓட்டக்காரன் · வியாழன், மாலை 4.50

வாத்தியாரே, ஒரு வம்பு. 12 பேரு, 10 பேருன்னு எல்லாம் இளந்தாரிப் பயலுகளை வச்சுப் பார்த்தது. கணக்கர் மாதிரி எடை கூடினவங்க, நடக்கவும் செஞ்சு மாத்திரையும் போட்டு எடை பார்த்தது இல்லையா?

உடலியல் வாத்தி · வியாழன், இரவு 9.00

இருக்கு, ரெண்டு சொல்றேன். ரெண்டும் ஒரே பக்கம் பேசல.

2007ல ஆஸ்திரேலியாவுல எடை கூடின, மாதவிடாய் நின்ன பெண்கள். வாரம் மூணு நாள் 45 நிமிஷம் நடை இல்ல ஓட்டம், 12 வாரம். பாதிப் பேருக்கு நாளைக்கு 300 மி.கி. இஜிசிஜி, மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. ரெண்டு பக்கமும் இடுப்பு, கொழுப்பு குறைஞ்சது. ஒரே அளவுதான். குறைச்சது நடை.

2009ல அமெரிக்காவுல 132 பேரு, ஆணும் பெண்ணும், எல்லாரும் எடை கூடினவங்க இல்ல பருமனானவங்க. வாரம் 180 நிமிஷம் உடற்பயிற்சி. ஒரு பக்கம் 625 மி.கி. கேட்டகின் கலந்த பானம், இன்னொரு பக்கம் அதே காஃபின் மட்டும் உள்ள பானம். 12 வாரத்துல கேட்டகின் பக்கம் 2.2 கிலோ, மத்தவங்க 1 கிலோ. அந்த வித்தியாசம் தற்செயலா இருக்கலாம்ங்கிற எல்லைக்குள்ளதான் நின்னுச்சு. ஆனா வயித்துக் கொழுப்போட பரப்பு கேட்டகின் பக்கம் 7.7 சதவீதம் குறைஞ்சது, அடுத்த பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. ரத்தத்துல இருக்கிற ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பும் நல்லா இறங்குச்சு. அதனால "சுத்தமா ஒண்ணுமே இல்லை"ன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுவும் பானம், மாத்திரை இல்லைங்கிறதைக் கவனிங்க.

எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டிப் பார்த்தது 2012 காக்ரேன் தொகுப்பு. ஜப்பானுக்கு வெளிய நடந்த ஆராய்ச்சிகள்ல சராசரி எடைக் குறைவு 0.04 கிலோ. 40 கிராம். சட்டைப் பையில கிடக்கிற சாவிக்கொத்து அதைவிடக் கனம்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. 2005ல நெதர்லாந்துல பார்த்ததுல, ஏற்கனவே காபி டீ நிறையக் குடிக்கிறவங்களுக்குக் கிரீன் டீயால பிரயோசனம் தெரியல, குறைவாக் குடிக்கிறவங்களுக்குத்தான் தெரிஞ்சது. கணக்கரே, நாளைக்கு எத்தனை டீ?

மாசிவீதி கணக்கன் · வியாழன், இரவு 10.20

கேப்பீங்கன்னு பயந்தேன். வீட்டுல ஒண்ணு, தெப்பக்குளத்துல நடந்து முடிச்சதும் ஒண்ணு, கடையில பையன் நாலு தடவை கொண்டாருவான். ஆறு. எல்லாம் பால் டீ, சீனி தூக்கலா.

ஒத்தக்கடை ஓட்டக்காரன் · வியாழன், இரவு 10.26

ரெண்டு கரண்டின்னு வச்சா ஒரு கிளாசுக்குப் பத்து கிராம் சீனி, 40 கலோரி. ஆறுக்கு 240. பால் தனிக் கணக்கு. நீங்க 92 கிலோவுல முக்கா மணி நேரம் தெப்பக்குளம் சுத்துறதும் ஏறக்குறைய 240தான்.

ஜிகர்தண்டா ரசிகன் · வியாழன், இரவு 10.29

தெப்பக்குளத்துல எரிச்சதை தெற்கு மாசி வீதியில ஊத்திக்கிறீங்கண்ணே 😂

மாசிவீதி கணக்கன் · வியாழன், இரவு 10.33

மூணு மாசமா இதைத்தான் செஞ்சிருக்கேன். கடையில அஞ்சு பைசா இடிச்சாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுறவன் நான்.

கோத்தகிரி சம்பந்தி · வெள்ளி, காலை 6.40

பொண்ணு குடுத்தது கோத்தகிரியில, அதனால வீட்டுல எப்பவும் கிரீன் டீ இருக்கும். கப்புல குடிக்க ஆசைப்பட்டா ஒரு விஷயம்: கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி நம்ம டீ மாதிரி அடுப்புல போட்டுக் காய்ச்சாதீங்க, கசந்து போகும். கொதிச்சு இறக்கி ரெண்டு நிமிஷம் விட்டு ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷத்துல வடிச்சுருங்க. நம்ம டீயும் இதே செடிதான். பறிச்சதும் ஆவியிலயோ சட்டியிலயோ சூடு காட்டி, இலை கறுத்துப் போகாமத் தடுத்தா கிரீன் டீ. சாப்பாட்டோட சேத்துக் குடிக்காதீங்க, இரும்புச் சத்து ஒட்டாது. வீட்டுப் பொம்பளைகளுக்கு முக்கியமா. இளைக்குமான்னு எனக்குத் தெரியாது, என் சம்பந்தி நல்லா உருண்டையாத்தான் இருக்காரு.

காளவாசல் பார்மசி அக்கா · வெள்ளி, காலை 10.15

😀 கணக்கர் தம்பி, எடையை மட்டும் பார்க்காம இடுப்பை டேப்பு வச்சு அளங்க. நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைன்னா 90 செ.மீ., பொம்பளைன்னா 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும். உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கிற பிஎம்ஐ 25 தாண்டினாலே இந்தியருக்குப் பருமன்தான், உங்களுக்கு 32க்கு மேல வருது. அதனால சும்மா விடக்கூடாது. ஒரு தடவை சுகர், கொழுப்பு, ஈரல் மூணையும் பார்த்துருங்க. மாத்திரை போடாட்டியும் பாருங்க, தொப்பை இருக்கிறவங்க நிறையப் பேருக்கு ஈரல்ல ஏற்கனவே கொழுப்பு படிஞ்சிருக்கும்.

மாசிவீதி கணக்கன் · சனி, இரவு 10.50

டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டேன். மாஸ்டர் மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு. "யாருண்ணே உங்களைக் குழப்புனது"ன்னாரு. வெறும் வயித்து விஷயத்தையும் 800 கணக்கையும் சொன்னேன். அவருக்கும் தெரியாதாம், அவருக்குக் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்தது அம்புட்டுத்தான். அவரும் தினம் ரெண்டு போடுறாராம், வெறும் வயித்துலதான். ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். குடுத்த காசை அடுத்த ரெண்டு மாச ஃபீஸ்ல கழிச்சுக்கிறேன்னு சொல்லிட்டாரு, நல்ல மனுசன்தான்.

கடைப் பையன்கிட்ட இன்னைல இருந்து எனக்கு ரெண்டு டீ போதும், சீனி அரைக்கரண்டின்னு சொன்னேன். "முதலாளி கோவிச்சுக்கிட்டாராண்ணே"ன்னு கேக்கிறான். இடுப்பு 107. திங்கக்கிழமை டெஸ்ட்டுக்குப் போறேன்.

பைபாஸ் பயில்வான் · சனி, இரவு 11.08

நானும் ஒரு எஸ்ஜிபிடி பார்த்துர்றேன். சும்மா.

வில்லாபுரம் வள்ளி · ஞாயிறு, காலை 6.30

பாருங்க தம்பி. போகும்போது மாத்திரை டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஜிகர்தண்டா ரசிகன் · ஞாயிறு, காலை 8.02

எல்லாம் சரி, நடந்து முடிச்சுட்டு டீக்குப் பதிலா பருத்திப்பால் குடிச்சா கணக்குல எப்படி வரும்? நண்பன் கேக்கச் சொன்னான்.

உடலியல் வாத்தி · ஞாயிறு, காலை 8.40

கருப்பட்டி எவ்வளவு போடுறான்னு முதல்ல நண்பனை விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்க.